அவ எனக்கு ஒண்டும் சொல்லேல்லை

தம்பி, குறை நினைக்காதேங்கோ. நீங்கள் போனிலை கதைச்சது காதிலை விழுந்தது. "சாப்பிட்டிட்டன் அம்மா, நீங்கள் படுங்கோ" எண்டு சொன்னியளே, அப்பதான் நீங்கள் எங்கடை ஆள் எண்டு விளங்கினது. இந்தப் பக்கம் போற ரெயினிலை தமிழ் கேக்கிறது அருமை. பரிசிலை லாச்சப்பல் பக்கம் இறங்கினால் தடக்குப்படுறதெல்லாம் எங்கடை ஆக்களோடைதான். ஒஸ்ரலிற்ஸ் ஸ்ரேசனிலை ஏறினாப்பிறகு ஒரு முகம் இல்லை. எதுமட்டும் போறியள்? லிமோஜோ? வேலை அலுவலோ? நல்லது. நான் அதுக்கும் அங்காலை, பிறீவ். போன வருசம் காரிலை போனனாங்கள். காரை இப்ப வித்துப்போட்டன். பக்கத்து சீற்றிலை ஆளில்லாமல் ஓட மனம் வருகுதில்லை.

சொந்தக்காரரோ? இல்லைத் தம்பி, அங்கை எங்களுக்கு ஒருத்தரும் இல்லை. பிறீவிலை இறங்கி இன்னும் உள்ளுக்குப் போகவேணும், ஒரு சின்ன ஊர். கொஞ்சம் கல்வீடு, ஒரு சேர்ச், மிச்சமெல்லாம் செம்மாடு. அங்கை வீட்டை விடுமுறைக்கு வாரக்கணக்கிலை வாடகைக்கு விடுவினம். ஜீத் எண்டு சொல்லுவினம். ஹோட்டல் இல்லைப் பாருங்கோ. படுக்கைவிரிப்பும் நாங்களே கொண்டு போகவேணும், சமையலும் நாங்களே, வெளிக்கிடேக்கை கூட்டித் துடைச்சுக் குடுக்கிறதும் நாங்களே. போன ஒக்டோபரிலை நானும் மனிசியும் போய் ஒரு கிழமை நிண்டனாங்கள். இந்தமுறை நான் தனிய.

மனிசி தை மாசம் மோசம் போயிட்டா.

ஓம். இராசமலர் எண்டு பேர். மலர் எண்டுதான் நான் கூப்பிடுறது.

இல்லை, இல்லை, நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். எல்லாரும் அதைத்தானே சொல்லுகினம். சாவு வாறது தெரியும், அதுக்கு ஆர் என்ன செய்யிறது. எனக்கு இருக்கிறது வேறை ஒரு மனக்குறை. அவவுக்கு வருத்தம் எண்டு அவவுக்குத் தெரியும். டொக்டருக்குத் தெரியும். லியோனிலை இருக்கிற மகள் கௌசிகாவுக்குத் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. ஒரே வீட்டிலை இருந்து, ஒரே கட்டிலிலை படுத்தெழும்பின மனிசனுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லைத் தம்பி. ஒரு சொல்லு.

லீவுக்குப் போவம் எண்டு கேட்டதும் அவதான். நாங்கள் ஒருநாளும் லீவு எண்டு போன ஆக்கள் இல்லை. கலியாணமெண்டால் லண்டனுக்குப் போவம், திருவிழாவெண்டால் ஜேர்மனிக்குப் போவம், போன இடத்திலையும் நான் குசினிக்கைதான் நிப்பன். எனக்கு வேலை அதுதானே. கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, பிறகு ஒரு பிரெஞ்சு ரெஸ்ரோறண்டிலை பெரிய அடுப்பைப் பாரமெடுத்து நிண்டவன். முப்பது வருசம். என்ரை கையாலை போன சோஸ் குழம்பை வெள்ளைக்காரன் பாணாலை துடைச்சுத் துடைச்சுச் சாப்பிட்டவன். அதை விடுவம்.

அவ ஒருநாள் சொன்னா, "இஞ்சாருங்கோ, நாங்கள் ரெண்டு பேரும் எங்கையாவது போய் இருப்பமே? ஆக்களில்லாத இடமா. கௌசிகா இன்ரநெற்றிலை ஒரு வீடு பாத்து வைச்சிருக்கிறாள்."

எனக்குச் சிரிப்பு. "காசு குடுத்து மற்றவன்ரை வீட்டிலை போய் நாங்களே சமைச்சுத் தின்னுறதோ? அதுக்கு எங்கடை வீட்டிலை இருக்கலாமே."

"அங்கை ஒருத்தரும் வரமாட்டினம்" எண்டா. "போன் அடியாது. ஆறுதலாக் கதைக்கலாம்."

"இஞ்சை கதைக்காததை அங்கை போய் என்னத்தைக் கதைக்கிறது?" எண்டு கேட்டன். பிறகு பாவம், ஆசைப்படுறா எண்டு லீவு எடுத்தனான். கொஞ்சம் மெலிஞ்சும் போயிருந்தவ. நாட்டுப்புறக் காத்துப் பட்டால் பசி எடுக்கும், நல்லாச் சமைச்சுக் குடுத்து ஆளைத் தேத்தலாம் எண்டு என்ரை எண்ணம். அந்த எண்ணத்திலைதான் நான் போனது, தம்பி. இதைக் கவனமாக் கேளுங்கோ. அவவுக்குச் சாப்பாடு குடுக்கவெண்டுதான் நான் போனனான்.

கார் டிக்கி முழுக்கச் சாமான். எங்கடை தூள், செத்தல் மிளகாய், பழப்புளி, சிவத்தப் பச்சையரிசி, ரெண்டு சட்டி, என்ரை கத்தி. அவ ஒரு சின்னப் பையோடை வந்து ஏறினா. "இவ்வளவும் என்னத்துக்கப்பா?" எண்டா. "நீர் பேசாமல் வாரும், அங்கை போனால் தெரியும்" எண்டன்.

போனால் நான் நினைச்சது சரி. வீடு வடிவான வீடுதான், குறை சொல்லக்கூடாது. கல்லுச் சுவர், விறகு போட்டு எரிக்கிற அடுப்பு ஒண்டு நடுவறையிலை, பின்னாலை பெரிய வால்நட் மரம். ஆனால் குசினி? கத்தி வெண்ணெயையும் வெட்டாது. சோறு வடிக்க ஒரு பாத்திரம் இல்லை. அடுப்பு அந்தக் கண்ணாடி அடுப்பு, விரலாலை தொட்டால் பத்துமாம். நான் தொடுறன், அது கத்துது, நிக்குது. திரும்பித் தொடுறன், திரும்பவும் கத்துது.

மலர் நடுவறையிலை வாங்கிலை இருந்தவ. கோட்டுக் கழட்டேல்லை. "இஞ்சாருங்கோ, உதை விட்டிட்டு வந்து கொஞ்சம் இருங்கோவன். உங்களோடை ஒரு கதை கதைக்கவேணும்."

"பொறும், உந்த அடுப்பை ஒருக்கால் பத்தவைச்சிட்டு வாறன்" எண்டன். அதுக்குப் பிறகு விறகடுப்பு புகையத் தொடங்கினது. புகைக்கூட்டுக்கை என்னவோ அடைச்சிருக்கு. வீட்டுக்காரி மதாமைக் கூப்பிட ஓடினன். அந்த மனிசி பக்கத்து வீடுதான், வயசு எழுபதுக்கு மேலை, ரப்பர் சப்பாத்தோடை வந்து ஒரு கம்பியை இழுத்துவிட்டா, புகை நிண்டிட்டுது. பிறகு சோறு, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி. சாப்பிட்டு முடிய நான் கேட்டனான் தம்பி. கேக்கேல்லையெண்டு இல்லை. "என்ன கதையப்பா?" எண்டு கேட்டனான். "களைச்சுப் போனியள், நாளைக்குக் கதைப்பம்" எண்டா. நான் என்ன செய்யிறது? அவதானே நாளைக்கு எண்டவ.

அங்கை அந்த நேரம் காலமையிலை வெளியிலை ஒண்டும் தெரியாது. பஞ்சுமாதிரிப் பனிப்புகார். பதினொரு மணிபோலை விலகும், விலகினால் மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமா நிக்கும். ஒழுங்கை முழுக்கக் கஸ்ரானிக் கொட்டை விழுந்து கிடக்கும், நாங்கள் பரிசிலை குளிருக்குச் சுட்டு விக்கிறதைப் பாப்பமே, அது. கேப்பாரில்லை. நாங்கள் ரெண்டு பேரும் அந்த ஒழுங்கையாலை நடந்தனாங்கள். கொஞ்சத் தூரம் போனதும் அவ விழுந்து கிடந்த ஒரு மரத்திலை இருந்திட்டா.

"நான் இல்லாட்டி நீங்கள் என்னப்பா செய்வியள்?" எண்டு கேட்டா.

என்ன கேள்வி இது? நான் சிரிச்சன். "நான் பட்டினி கிடப்பன் எண்டு நினைக்கிறீரோ? நாலுபேருக்குச் சமைச்சுப் போடுவன்."

"சாப்பாட்டைக் கேக்கேல்லை."

"அப்ப என்னத்தை?"

அவ கீழை பாத்துக்கொண்டிருந்தா. கஸ்ரானிக் கோதொண்டைச் சப்பாத்தாலை உருட்டிக்கொண்டு, ஏதோ சொல்லத் தொடங்கினா. "செப்ரெம்பரிலை கௌசிகா வந்து நிக்கேக்கை, பல்லுக் காட்டப்போறம் எண்டு நாங்கள் ரெண்டு பேரும் போனமெல்லே..." எண்டா. அப்பதான் தம்பி, அவ இருந்த மரத்துக்குப் பின்னாலை நான் கண்டன். காளான். சேப் எண்டு சொல்லுற சாதி, மண்ணிறத் தொப்பியோடை, கைமுட்டியளவு. எங்கடை ரெஸ்ரோறண்டிலை அதுக்குத் தனி விலை. "அசையாதேயும், அசையாதேயும்" எண்டு போட்டு அங்காலை பாஞ்சன். ஒண்டைப் பிடுங்க அங்காலை இன்னொண்டு. திரும்பி வரேக்கை என்ரை ஜக்கெற் நிறையக் காளான். அவ அப்பிடியே இருந்தா. "பல்லுக்கு என்னவாம்?" எண்டு கேட்டன். "பல்லுக்கு ஒண்டுமில்லை" எண்டா.

நீங்கள் ஏதோ சொல்ல வாறியள், பொறுங்கோ தம்பி, இதைச் சொல்லிப்போட்டு விடுறன்.

இந்த நாட்டிலை காட்டுக் காளானைப் பிடுங்கினால் பார்மசிக்குக் கொண்டுபோய்க் காட்டலாம். நஞ்சோ நல்லதோ எண்டு பாத்துச் சொல்லுவினம். அடுத்தநாள் ரவுணுக்குக் காரிலை போனம். மலர் இறங்கேல்லை. "மேலெல்லாம் நோகுது, எனக்கு நோவுக்குக் குளிசை வாங்கிக்கொண்டு வாங்கோ, பெலனானதாக் கேளுங்கோ" எண்டா. உள்ளை போனால் பார்மசிப் பெட்டைக்குச் சரியான சந்தோசம். ஒவ்வொண்டாத் திருப்பித் திருப்பிப் பாத்து, ரெண்டை எறிஞ்சுபோட்டு, மிச்சம் முதல் தரம் எண்டாள். எப்பிடிச் சமைப்பியள் எண்டு கேட்டாள். நான் உள்ளி, வெண்ணெய், கடைசியாக் கொஞ்சம் மிளகு எண்டன். கதைச்சுக் கதைச்சு வெளியிலை வந்து காரை ஸ்ராட் பண்ணினாப்பிறகு மலர் என்ரை கையைப் பாக்கிறா. குளிசை இல்லை. ஓடிப்போனன், மத்தியானத்துக்குப் பூட்டிப்போட்டினம். ரெண்டரைக்குத்தான் திறப்பினம். நிண்டு வாங்குவம் எண்டுதான் நான் சொன்னது. அவ சிரிச்சவ தம்பி. "பரவாயில்லை, காளான் வாடிப்போகும், போவம்" எண்டா. அப்பிடிச் சிரிச்ச ஆளுக்கு உள்ளுக்கை என்ன நோவெண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?

சமைச்சன். என்ரை வாழ்க்கையிலை அப்பிடி ஒரு காளான் கறி நான் வைச்சதில்லை. முதல் வெண்ணெயிலை பிரெஞ்சுக்காரன்மாதிரி வதக்கி, பிறகு கொஞ்சம் தேங்காய்ப்பாலும் கறிவேப்பிலையும். அவ ஒரு துண்டை எடுத்து வாயிலை வைச்சா, வைச்சபடி இருந்தா. அடுத்தநாள் கோழி. அதுக்கு அடுத்தநாள் அவவுக்கு விருப்பமான மீன் சொதி. அதுக்காக நான் எவ்வளவு தூரம் காரோடினனான் எண்டு உங்களுக்குத் தெரியாது. எல்லாத்திலையும் ஒரு வாய். கோப்பையைத் தள்ளிப்போட்டு என்ரை முகத்தைப் பாத்துக்கொண்டிருப்பா. எனக்குக் கோவம் வராதோ? நீங்கள் சொல்லுங்கோ.

வெளிக்கிடுறதுக்கு முதல்நாள் நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிக்கிறன். அவ குசினிக்குள்ளை வந்து என்ரை மணிக்கட்டைப் பிடிச்சா. கத்தியோடை இருந்த கையை. "இண்டைக்குச் சமைக்கவேண்டாம். பாணும் சீசும் கிடக்கு. வந்து எனக்குப் பக்கத்திலை இருங்கோ."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. "என்ரை சாப்பாடு இப்ப உமக்கு அருவருக்குதோ?" எண்டு கேட்டன். "ஒரு கிழமையா ஆசை ஆசையாச் சமைக்கிறன். ஒரு பிடி ஒழுங்காத் திண்டீரோ? பாணும் சீசும் தின்ன இவ்வளவு தூரம் வரவேணுமோ?"

அவ கையை விட்டா. நான் சமைச்சு முடியுமட்டும் மேசையிலை இருந்தா. நான் போட்டுக் குடுத்ததை முழுக்கச் சாப்பிட்டா, தம்பி. சோறு, கறி, ஒண்டும் மிச்சம் விடேல்லை. "நல்லா இருக்கு" எண்டா. எனக்கு அப்பிடி ஒரு சந்தோசம். பாத்தியளோ, பசி வந்திட்டுது எண்டு நினைச்சன். அவ எழும்பிப் பின்பக்கத்தாலை வெளியிலை போனா. நான் சட்டி கழுவிக்கொண்டு யன்னலாலை பாக்கிறன். வால்நட் மரத்துக்குக் கீழை குனிஞ்சு சத்தி எடுக்கிறா. அந்த மதாம் வால்நட் பொறுக்கிக்கொண்டு நிண்டவ, கூடையை வைச்சிட்டு ஓடிவந்து நெத்தியைத் தாங்கிப் பிடிச்சா. பிறகு ரெண்டு பேரும் வேலிக் கல்லிலை இருந்தினம். மலர் கதைக்கிறா. மதாம் அவவின்ரை கையை ரெண்டு கையாலையும் பொத்தி வைச்சிருக்கிறா. கனநேரம். மலருக்குத் தெரிஞ்ச பிரெஞ்சு பாணும் பாலும் வாங்கிற பிரெஞ்சு. என்னத்தை இவ்வளவு நேரம் கதைக்கினம், வால்நட்டைப் பற்றியாக்கும் எண்டு நினைச்சன். குளிர் வயித்திலை பிடிச்சிட்டுது எண்டு, வந்ததும் இஞ்சித் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். குடிச்சுப்போட்டு என்னையே பாத்துக்கொண்டிருந்தா. நான் வீடு துடைக்கத் தொடங்கினன். அடுத்தநாள் காலமை துப்புரவாக் குடுக்கவேணுமெல்லே.

பரிசுக்கு வந்து மார்கழி நடுவிலை ஒருநாள் குளியலறையிலை விழுந்திட்டா. ஆஸ்பத்திரியிலை டொக்டர் என்னைக் கூப்பிட்டு இருத்தி, உங்களுக்குத் தெரிஞ்சதுதானே எண்டு தொடங்கிறான். கணையத்திலை கான்சராம். மருந்து ஏத்துறது வேண்டாமெண்டு மனிசியே முடிவெடுத்தவவாம். நான் அவன்ரை வாயைப் பாத்துக்கொண்டிருக்கிறன். பிரெஞ்சு விளங்கேல்லையாக்கும் எண்டு நினைச்சுத் திருப்பி ஆறுதலாச் சொல்லுறான்.

அதுக்குப் பிறகு அவவோடை கதைக்க வழி இல்லை. நோவுக்கு மோபின் ஊசி போட்டு மயக்கத்திலை வைச்சிருந்தினம். கண் திறப்பா, என்னைக் காணுவா, மூடுவா. நான் சொதி கொண்டுபோய்க் கொண்டுபோய்த் திருப்பிக் கொண்டுவந்தனான்.

அந்தியேட்டி முடிஞ்சு ஆக்கள் போனாப்பிறகு நான் கௌசிகாவைக் கேட்டன். "ஏன் பிள்ளை எனக்கு மறைச்சனீங்கள்?" எண்டு.

"நாங்கள் மறைக்கேல்லை அப்பா. அம்மா தானே சொல்லவேணும் எண்டு நிண்டவா. அதுக்குத்தானே அந்த வீட்டை எடுத்தது. அங்கை வைச்சு உங்களுக்குச் சொல்லத்தான் அம்மா வந்தவா."

"ஒண்டும் சொல்லேல்லை."

"ஒருக்கால்கூட அம்மா கதைக்கத் தொடங்கேல்லையோ? யோசிச்சுப் பாருங்கோ."

"யோசிச்சுப் பாத்தன். இல்லை."

அவள் என்னை ஒரு பார்வை பாத்தாள். அதுக்குப் பிறகு அவள் வாறது குறைவு. போன் எடுப்பாள், குளிசை போட்டியளோ எண்டு கேப்பாள், வைப்பாள். அவளுக்கும் என்னிலை என்ன கோவமெண்டு எனக்கு விளங்கேல்லை. கோவிக்கவேண்டியவன் நானெல்லோ?

ஓமோம், லிமோஜ் வரக் கொஞ்ச நேரம் கிடக்கு. பையை இப்ப எடுக்காதேங்கோ. நான் ஏன் போறன் எண்டதைச் சொல்லேல்லையே.

ஆவணி மாசம் போன் வந்தது. அந்த மதாம். இந்த வருசமும் வீடு வேணுமோ எண்டு கேக்கத்தான் எடுக்கிறா எண்டு நினைச்சன். அவ "உங்கடை மனிசி எப்பிடி?" எண்டு கேக்கேல்லைத் தம்பி. நான் "அலோ" எண்டதும் "எப்ப?" எண்டா. அவ்வளவுதான். "எப்ப?"

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" எண்டன்.

"அவ எனக்குச் சொன்னவதானே. மரத்தடியிலை. உங்களுக்கு அண்டைக்குப் பின்னேரம் சொல்லப்போறன் எண்டவ. எப்பிடித் தொடங்கிறதெண்டு என்னட்டைச் சொல்லிப் பாத்தவ."

சொல்லிப் பாத்தவவாம். எனக்குச் சொல்லவேண்டியதை, முன்பின் தெரியாத ஒரு வெள்ளைக்காரிக்கு, தெரியாத பாசையிலை, சொல்லிப் பாத்திருக்கிறா. நான் யன்னலுக்கு இஞ்சாலை சட்டி கழுவிக்கொண்டு நிண்டிருக்கிறன்.

"என்ன சொன்னவ? என்ன மாதிரிச் சொன்னவ?" எண்டு கேட்டன். மனிசி அழத் தொடங்கியிட்டுது. போனிலை வேண்டாம் முஸ்யூ, வாங்கோ, வந்தால் சொல்லுறன் எண்டா. வீடு சும்மாதான் கிடக்காம், வாடகை ஒண்டும் வேண்டாமாம். பிறீவ் ஸ்ரேசனுக்குத் தானே காரோடை வந்து ஏத்துவாவாம்.

அதுக்குத்தான் போறன். வேறை ஒண்டுமில்லை. வருத்தம் என்னெண்டு எனக்கு இப்ப தெரியும், அதை அறிய அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. அவ எந்தச் சொல்லாலை தொடங்கினவ எண்டு எனக்குத் தெரியவேணும். இஞ்சாருங்கோ எண்டதை அந்தப் பாசையிலை என்னெண்டு சொல்லியிருப்பா? பயமா இருக்கு எண்டு சொன்னவவோ? என்னைப் பற்றி ஏதும் சொன்னவவோ?

இந்தமுறை கத்தி, சட்டி, தூள் ஒண்டும் கொண்டுபோகேல்லை. கையிலை இந்தப் பை மட்டும்தான். ஆருக்குச் சமைக்கிறது?

எனக்கு ஒரு யோசினைதான் தம்பி. மதாமுக்கு அந்தப் பக்கத்துப் பேச்சு. கடகடவெண்டு, சொல்லுகளை விழுங்கி விழுங்கிக் கதைப்பா. என்ரை பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு, பாதி விளங்காது. இடையிலை மறிச்சுக் கேட்டால் மனிசி அழத் தொடங்கிவிடும், பிறகு மிச்சம் வராது. அதாலை ஒரு முடிவோடை போறன். போனவுடனை அவவை இருத்திப்போட்டு, முன்னாலை ஒரு கதிரையை இழுத்துப் போட்டு நானும் இருக்கப்போறன். புகைக்கூடு புகைஞ்சால் புகையட்டும். அவ தொடங்கினால், சொல்லி முடிக்குமட்டும் நான் வாய் திறக்கமாட்டன். எழும்பவும் மாட்டன்.